ஒரு கண்ணுக்கு ஒரு வெள்ளை

9-6-2024, இரவு

திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் ஷேடு பார்க்கிற வேலை எனக்கு. லைட் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்து, பையர் அனுப்பிய துணித் துண்டையும் நாங்கள் சாயம் போட்ட மாதிரித் துண்டான லேப் டிப்பையும் ஒட்டி வைத்து, ரெட்டிஷா க்ரீனிஷா, டல்லா பிரைட்டா என்று சொல்ல வேண்டும். போன வாரம் எக்ரூ என்கிற பழுப்பு வெள்ளை ஷேடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வலது கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்துவிட, அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். துணி லேசாகச் செம்மஞ்சள் தட்டித் தெரிந்தது. தூசி போனபிறகு இடதை மூடி வலதால் பார்த்தால் அதே துணி, பகல் வெளிச்சம் மாதிரி எரிகிற அதே டி65 விளக்கு, ஆனால் பச்சையும் நீலமும் கலந்த மாதிரி ஒரு குளிர்ந்த வெள்ளை. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன், மாறவே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் பதில் எழுதுங்கள், எல்லோருக்கும் இப்படித்தானா? பவரைக் கேட்கவில்லை, அது இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு என்பது கண்ணாடிச் சீட்டிலேயே இருக்கிறது. நிறத்தைக் கேட்கிறேன். எந்தக் கண் சொல்வதை நம்புவது? இரண்டும் திறந்திருக்கும்போது நான் பார்ப்பது எதனுடைய வெள்ளை? இத்தனை வருஷமாக "ஓகே" போட்ட ஷேடெல்லாம் எந்தக் கண்ணின் ஓகே என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை.

10-6-2024

"முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்லியாயிற்று. சனிக்கிழமை போகிறேன், விடுங்கள்.

"நானும் இப்போதுதான் மூடிப் பார்த்தேன், எனக்கும் வித்தியாசம் இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று எழுதியவர்களுக்கு: முதலில் எப்படி மூடினீர்கள் என்று பாருங்கள். உள்ளங்கையை அழுத்தி மூடினால், எடுத்தபிறகு அந்தக் கண் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் இருக்கும். அழுத்தாவிட்டாலும் இருட்டில் இருந்த கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலாகப் படும், நிறம் வெளிறித் தெரியும். உடனே மாற்றி மாற்றி மூடினால் ஒவ்வொரு கண்ணும் மற்றதைவிட வித்தியாசமாகத்தான் தெரியும். ஒரு அட்டையைக் கண்ணைத் தொடாமல் முன்னால் பிடியுங்கள், இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். மாற்றுவதற்கு முன்னால் இரண்டாலும் கொஞ்ச நேரம் சாதாரணமாகப் பாருங்கள். அப்புறமும் வித்தியாசம் நின்றால்தான் கணக்கு.

மொட்டைமாடியில் ஒருக்களித்துப் படுத்து எழுந்தபிறகு ஒரு கண்ணில் உலகமே நீலப்பச்சையாகத் தெரிந்தது என்று எழுதியவருக்கும் இதேதான். மூடிய இமைக்குள் வெயில் சிவப்பாகத்தான் நுழையும். அத்தனை நேரம் சிவப்பையே பார்த்த கண் சிவப்புக்குச் சலித்துப்போய்விடும், திறந்ததும் மிச்ச நிறம் தூக்கலாகத் தெரியும். தலையணைப் பக்கம் இருந்த கண்ணுக்கு அந்தச் சலிப்பு இல்லை. சற்று நேரத்தில் சரியாகியிருக்குமே.

12-6-2024, மதியம்

மேலே வெயில் பற்றி எழுதியதிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. லேப்பில் என் நாற்காலிக்கு வலது பக்கம் ஜன்னல். லைட் பாக்ஸுக்குள் எத்தனை ஒழுங்காக டி65 எரிந்தாலும், பக்கவாட்டில் வருகிற வெளிச்சம் வலது கண்ணின் ஓரத்தில், இமையிலும் வெள்ளைவிழியிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. அங்கெல்லாம் ரத்தக்குழாய். அதைக் கடந்து உள்ளே கசிகிற வெளிச்சம் சிவப்பாகத்தான் இருக்கும். நாள் முழுக்க வலது கண்ணுக்கு மட்டும் அந்தச் சிவப்பு. ஆக வலது கண் சிவப்புக்குச் சலித்து, வெள்ளையைப் பச்சையாகக் காட்டுகிறது. இடது கண் பாவம், அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சிவப்பாகத் தோன்றுகிறது.

சோதித்துப் பார்த்தாயிற்று. திரையை இழுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். பச்சை பெரும்பாலும் போய்விட்டது! வீட்டில் பார்க்க ஆசைப்படுபவர்கள் இரவில் மேஜை விளக்கைக் காதுப் பக்கமாக, வெளிச்சம் ஒரு கண்ணோரத்தில் மட்டும் படும்படி வைத்துக்கொண்டு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பாருங்கள். விளக்குப் பக்கத்துக் கண் பச்சை, மற்றது சிவப்பு.

12-6-2024, இரவு

"பெரும்பாலும்" என்று எழுதினேன் இல்லையா, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பச்சை போனது உண்மை. ஆனால் இடது கண்ணில் ஒரு மஞ்சள் மிச்சம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல், எந்த ஜன்னலும் பக்கத்தில் இல்லாமல் பார்த்தாலும் இருக்கிறது. இரண்டு காரணம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது போல.

13-6-2024

இடது கண் துடித்தால் என்ன பலன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெண்களுக்கு இடது, ஆண்களுக்கு வலது நல்லது என்பார் என் அத்தை. எனக்கு இரண்டும் துடிக்கிறது, நாளைக்கு ஷிப்மென்ட்.

15-6-2024

போய் வந்தேன். கண்ணின் பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டதால் சாயங்காலம் வரை எழுத்து எதுவும் படிக்க முடியவில்லை, பஸ் நம்பரைப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு ஏறினேன்.

நிறம் என்று ஆரம்பித்ததும் டாக்டர் முதலில் புள்ளிப் புள்ளியாக நம்பர் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தை ஒவ்வொரு கண்ணாகப் படிக்கச் சொன்னார். எல்லா நம்பரும் வந்தது. அது சிவப்பு பச்சைக் குழப்பத்தைப் பிடிக்கிற புத்தகம், என்னுடையது மாதிரி லேசான சாயத்தை அது பிடிக்காது என்று அவரே சொன்னார். அப்புறம் மேஜையில் இருந்த சிவப்பு மூடி போட்ட மருந்து பாட்டிலை எடுத்து, ஒரு கண்ணுக்கு நேராகக் காட்டி "இந்தச் சிவப்புக்கு நூறு ரூபாய் என்றால், அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டார். எனக்கு இரண்டுக்கும் நூறுதான். ஷேடு பார்க்கிறவனிடம் இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஏன் என்று கேட்டேன். பார்வை நரம்பில் அழற்சி வந்தால் அந்தக் கண்ணில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் சிவப்புதானாம். எழுத்தெல்லாம் கூடியவரை தெரியும், ஆனால் சிவப்பு மட்டும் செங்கல் நிறமாக, வெளுத்துத் தெரியும். கண்ணை அசைத்தால் வலியும் இருக்கும். அப்படி ஒன்று சில நாளிலேயே திடீரென்று வந்தால் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

என் கதை அது இல்லை. இடது கண் லென்ஸின் நடுவில் மஞ்சள் கொஞ்சம் கூடுதலாக ஏறியிருக்கிறது. வயதானால் எல்லோருக்கும் ஏறும், இரண்டு கண்ணிலும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும் என்று சட்டம் இல்லை. புரை என்று சொல்லும் அளவுக்கு இன்னும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்.

16-6-2024

நேற்று "புரை" என்று எழுதியதும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இதை விலாவாரியாகச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு முந்திய ஒன்றிரண்டு வருஷம் வீட்டில் ஓயாத சண்டை ஒன்று நடந்தது, சொட்டு நீலத்தால். அப்பாவின் வேட்டியை அலசும்போது அம்மா நீலம் விட்டுக்கொண்டே போவார். "இன்னும் மஞ்சளாவே இருக்குடா" என்பார். வேட்டி கொடியில் காயும்போது பார்த்தால் வானத்து நிறம். மடிப்பு ஓரத்திலெல்லாம் நீலம் திட்டுத் திட்டாக நிற்கும். அப்பா அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்பார், அம்மா "வெள்ளை வெளேர்னு இருக்கு, உங்களுக்குத்தான் கண் தெரியல" என்பார். அம்மா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குள் இருந்த பழுப்பு லென்ஸ் நீலத்தை வடிகட்டிவிட்டது, வேட்டியில் அவ்வளவு நீலம் ஊற்றினால்தான் அவருக்கு வெள்ளை வந்தது. நான் தொழிலே ஷேடு பார்ப்பது, எனக்கும் அப்போது அது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "பெட்ஷீட்டுக்கு இவ்வளவு நீலமா போடுவாங்க?" வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்தார். ஆபரேஷன் ஆகாத இடது கண்ணில் சுவர், சோறு, அப்பாவின் தலைமுடி எல்லாமே டீ டிகாஷன் ஊற்றின மாதிரி இருக்கிறது என்றார். வலதில் எல்லாம் நீலம் பளிச்சிட்டது. கொடியில் கிடந்த வேட்டியை வலது கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போய்விட்டார். அப்பாவுக்கு அந்த வாரம் முழுக்கச் சிரிப்புதான்.

இரண்டு கண்ணும் ஒன்றாகப் புரையாகும்போது நிறம் மாறியது பெரும்பாலும் தெரியாது. மெதுவாக ஏறுவதால் மூளை ஓரளவு அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றைச் சரி செய்ததும்தான் மற்றது எவ்வளவு கெட்டிருந்தது என்று தெரியும். புரை ஆபரேஷன் ஆன பலருக்கும் இது கொஞ்ச காலமாவது தெரியும், ஆனால் "ஒரு கண் நீலமா தெரியுது" என்று சொன்னால் கெட்டதாகிவிட்டது என்று வீட்டில் பயந்துவிடுவார்கள் என நினைத்துப் பலர் சொல்வதே இல்லை.

17-6-2024

ஆமாம், பிரெஞ்சு ஓவியர் மோனே. அவரைச் சொல்லாமல் யாரும் இந்த விஷயத்தைப் பேச முடியாது போலிருக்கிறது. 1912இல் புரை என்று தெரிந்தது, 1923இல் வலது கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன், இடதைத் தொட விடவே இல்லை, 1926இல் இறந்தார். அந்தக் காலத்தில் உள்ளே வைக்க லென்ஸ் கிடையாது. புரையை எடுத்துவிட்டு சோடா பாட்டில் கண்ணாடி போடுவார்கள், அதில் உருவம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். ஒரு கண் பழுப்பு, சின்ன உருவம். இன்னொரு கண் நீலம், பெரிய உருவம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே முடியாது. சாயம் பூசிய கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசிக் கால அல்லிக்குள ஓவியங்களை வைத்து "இது இடது கண் ஓவியம், அது வலது கண் ஓவியம்" என்று பிரித்துச் சொல்பவர்களை நான் முழுதாக நம்பவில்லை. அவருக்கு எந்தப் பெயின்ட் ட்யூபில் என்ன நிறம் என்று லேபிள் பார்த்தே தெரியும்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி வைத்ததில் ஆரம்பிக்கிறது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்து உட்கார்ந்த காக்பிட் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் சும்மா இருந்ததைக் கவனித்ததுதான் அதற்கு விதை. அம்மாவுக்கு வைத்தது மதுரையில் செய்த லென்ஸ். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் ஆரோலேப் 1992இல் அதைச் செய்ய ஆரம்பித்தபிறகுதான் நம்மைப் போன்ற வீடுகளுக்கு அது கட்டுப்படியானது.

20-6-2024

"ராத்திரி போன் பார்த்துவிட்டு பாத்ரூம் போக எழுந்தால் ஒரு கண் சுத்தமாகத் தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டது, பக்கவாதமா?"

ஒருக்களித்துப் படுத்திருந்தீர்களா, ஒரு கண் தலையணைக்குள் இருந்ததா? இருந்தால் பெரும்பாலும் விடை அதுதான். போன் பார்த்த கண் வெளிச்சத்துக்குப் பழகிவிட்டது, தலையணைக் கண் இருட்டுக்குப் பழகிவிட்டது. எழுந்து இருட்டில் நின்றால் முதல் கண் குருடு மாதிரி. 2016இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதே புகாரோடு வந்த இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள், என்னென்னவோ டெஸ்ட் எடுத்த பிறகு கடைசியில் போன்தான் காரணம் என்று தெரிந்தது. இன்றிரவு போனை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். பார்த்த கண்தான் ஒவ்வொரு முறையும் போகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் பகலில், போன் இல்லாமல், ஒரு கண்ணில் திரை இறங்குகிற மாதிரி மறைத்தால், அது திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மின்னல் மாதிரி வெட்டினாலும் பூச்சி பறப்பது திடீரென்று அதிகமானாலும் அப்படித்தான், விழித்திரை கிழிந்திருக்கலாம்.

23-6-2024

ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு ஒரு வித்தை காட்டினேன். ஒரு நட்டை நூலில் கட்டி ஃபேன் கொக்கியில் தொங்கவிட்டு, இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆட விட்டேன். கூலிங் கிளாஸைத் திருப்பிப் பிடித்து ஒரு கண்ணை மட்டும் மறைத்து, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு எதிரே நின்று பார்க்கச் சொன்னேன். "அப்பா, அது சுத்துது!" என்று கத்தினாள். நட்டு நேராகத்தான் ஆடுகிறது, ஆனால் வட்டமடிப்பதாகத் தெரியும். கண்ணாடி இடது கண்ணில் இருந்தால் இடமிருந்து வலம் போகும்போது தள்ளிப் போகும், திரும்பும்போது முகத்துக்குக் கிட்டே வரும். கண்ணாடியை வலதுக்கு மாற்றினால் சுற்றும் திசை திரும்பிவிடும். நம்பாதவர்கள் செய்து பாருங்கள், ஐந்து ரூபாய் நூல் போதும்.

இருட்டாகப் பார்க்கும் கண்ணின் சேதி மூளைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகிறது, அவ்வளவுதான். ஓடுகிற பொருளை ஒரு கண் இப்போது இருக்கும் இடத்திலும் இன்னொரு கண் சற்று முன்பு இருந்த இடத்திலும் காட்ட, மூளை அந்த வித்தியாசத்தைத் தூரம் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. 1922இல் இதை விளக்கி எழுதிய ஜெர்மானியர் கார்ல் புல்ஃப்ரிஷுக்கு ஒரு கண் பார்வை கிடையாது. அவர் பெயரில் இருக்கும் வித்தையை அவராலேயே பார்க்க முடியாது.

ஒரு கண்ணில் மட்டும் புரை உள்ளவர்களும் நரம்பு அழற்சி வந்துபோனவர்களும் கூலிங் கிளாஸ் இல்லாமலே இதோடு திரிகிறார்கள். ரோட்டைக் கடக்கும்போது பைக் வரும் தூரம் தப்புகிறது, ஷட்டில் விளையாடும்போது காக் தப்புகிறது என்று புலம்புகிறவர்களில் சிலருக்காவது இதுவாக இருக்கும்.

27-6-2024

"என் இடது கண்ணில் கதவு நிலை வளைந்து தெரிகிறது, உங்களுடையது மாதிரிதானே?" என்று ஒருவர். இல்லை ஐயா, இது வேறு. நிறம் முழுக்க ஒரே சீராக மாறுவது ஒன்று, நடுவில் ஒரு இடம் மட்டும் வளைவதோ மறைவதோ இன்னொன்று. இரண்டாவது விழித்திரை சமாச்சாரம்.

எங்கள் மெர்ச்சன்டைசர் ஒருவருக்கு வந்தது. நாற்பது வயதுக்குள்தான். எக்செல் ஷீட்டில் ஒரு வரிசை மட்டும் நடுவில் இடுப்பொடிந்து தெரிகிறது என்று மானிட்டரை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். புது மானிட்டரிலும் அதே இடுப்பு. ஒரு கண்ணை மூடியபோதுதான் தெரிந்தது, வலது கண்ணில் மட்டும் நடுவில் சாம்பல் வட்டம், அதற்குள் எழுத்து சின்னதாகவும் கோணலாகவும். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஆண்களுக்கு, அதுவும் இந்த வயதில், அதிகம் வருவது. ஏதாவது ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்று கேட்டார்களாம். முதுகு வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரை ஒன்று மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் படிப்படியாக நிறுத்தினார், சில மாதத்தில் வட்டம் தானாக வற்றியது. அநேகம் பேருக்கு அப்படித் தானாகவே வற்றிவிடும், சிலருக்குத் திரும்பவும் வரும்.

வயதானவர்களுக்கு இதே வளைவு வந்தால் காத்திருக்கவே கூடாது, அது வேறு வியாதியாக இருக்கலாம், ஊசி போட வேண்டியிருக்கும். இதைச் சோதிக்க ஆம்ஸ்லர் கட்டம் என்று ஒன்று உண்டு, நடுவில் புள்ளி வைத்த வெறும் கட்டத் தாள். அது இல்லாவிட்டால் தரை டைல்ஸ் கோடு, ஜன்னல் கம்பி எதுவும் ஆகும். படிக்கிற கண்ணாடி போட்டிருந்தால் போட்டுக்கொண்டே, ஒரு நேரத்தில் ஒரு கண். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் முட்டுக் கொடுத்துவிடும், எதுவும் தெரியாது.

28-6-2024

குழந்தைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: அவர்கள் சொல்லவே மாட்டார்கள், பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்பதால் குறையென்றே தெரியாது. தங்கை மகளுக்கு வலது கண்ணை மறைத்தால் சும்மா இருப்பாள், இடதை மறைத்தால் கையைத் தட்டிவிட்டு அழுவாள். அந்த அழுகைதான் துப்பு. வலது சோம்பேறிக் கண், அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாத கண். நல்ல கண்ணில் ஒட்டுப் போட்டு, கண்ணாடி போட்டு, ஓரளவு தேறிவிட்டது. சின்ன வயதிலேயே பிடித்தால்தான் நல்ல பலன், ஏழெட்டு வயது தாண்டினால் கஷ்டம். ஹ்யூபல், வீஸல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வளர்த்து, அந்தக் கண்ணுக்கான இடத்தை மூளையில் மற்றக் கண் பிடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். 1981இல் நோபல் கிடைத்தது.

4-7-2024

முதல் நாள் கேள்விக்கே வருகிறேன். எந்தக் கண் சரி?

நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்தால் நம்பர் வருமே, அதுதான் சரி என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நம்பரின் ஆரம்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 1931இல் சர்வதேச ஒளிக் கமிஷன் நிர்ணயித்த "சராசரிப் பார்வையாளர்". லண்டனில் ரைட் என்ற ஆராய்ச்சியாளர் பத்துப் பேரையும் கில்ட் என்ற இன்னொருவர் ஏழு பேரையும் உட்கார வைத்து எடுத்த அளவுகளிலிருந்து வந்தவர் அவர். பதினேழு பேரின் கண். உலகத்துத் துணிக் கடை, பெயின்ட் கடை, டிவி எல்லாம் அந்தக் கணக்கின் வாரிசுகள். அவர்களில் ஒவ்வொருவருக்கும்கூட வலதும் இடதும் ஒத்துப்போயிருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இப்படி லேசான சாயத்தை மூளை கலந்து நடுவாந்தரமாகக் கொடுத்துவிடுகிறது. ஒரு கண்ணில் சிவப்பும் மறு கண்ணில் நீலமுமாக செல்லோபேன் கட்டினால் கலக்காமல் மாறி மாறி அடித்துக்கொள்ளும், அது வேறு. அதுவுமில்லாமல் நான் பார்ப்பது தனி வெள்ளையை இல்லை, இரண்டு துணிக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை. என் இடது கண் மஞ்சளாகக் காட்டினால் பையர் துணியையும் என் துணியையும் சேர்த்துத்தான் மஞ்சளாக்கும். ஆகவே பழைய ஓகேக்கள் பற்றிய தூக்கம் திரும்பி வந்துவிட்டது. அந்த எக்ரூ பாஸ் ஆகி மொத்தச் சரக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். இரண்டு துணியும் வேறு வேறு சாயக் கலவையில் போட்டு டி65இல் மட்டும் ஒத்துப்போகிற மெட்டாமெரிக் ஜோடியாக இருந்தால், ஒரு கண்ணுக்கு ஒத்துப்போவது இன்னொரு கண்ணுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த மாதிரி ஷேடு வந்தால் கடை ட்யூப்லைட்டான டிஎல்84க்கும் பல்ப் வெளிச்சத்துக்கும் மாற்றிப் பார்ப்பதோடு, இப்போதெல்லாம் அட்டையைப் பிடித்து ஒவ்வொரு கண்ணாகவும் பார்க்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் ஜாடை மாடையாகச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

6-7-2024

கடைசியாகக் கேட்டவருக்கு: நீல வெளிச்சத்தைத் தடுக்கிற ப்ளூ கட் கண்ணாடி போட்டால் இது சரியாகுமா? ஆகாது. அது இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கொஞ்சம் மஞ்சள் பூசும், நடுவில் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். ஷேடு பார்க்கிறவர் என்றால் போடவே வேண்டாம். எங்கள் லேபுக்குப் புதிதாக வந்த பையன் அதைப் போட்டுக்கொண்டு, பையர் துணியோடு ஒட்டிப் பார்க்காமல், நாள் முழுக்க வெள்ளைத் துணியெல்லாம் யெல்லோயிஷ் என்று ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தான். வெயிலில் கறுக்கிற கண்ணாடியும் வேண்டாம், வெளியே போய்விட்டு உள்ளே வந்தால் தெளிய நேரமாகும். சாதாரண லென்ஸ் வாங்குங்கள், விலையும் குறைவு.